சட்டை செய்த வீடு

தேனடை மெழுகால் ஆனது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும், மெழுகுவர்த்தி வியாபாரிகளும், மற்றபடி புத்தியுள்ள பலரும் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மனித குலம் பிழையாக நம்பிவந்த காரியங்களை வரிசைப்படுத்தினால், பூமி தட்டையானது என்பதற்கு அடுத்த இடத்தை இதற்குத்தான் தர வேண்டும். புது அடை மெழுகால் ஆனது, அதில் தகராறில்லை. ஆனால் அந்த அடையின் ஓர் அறையில் ஒரு புழு வளர்ந்து, தன்னைச் சுற்றி எச்சிலால் பட்டு நூற்று, அதற்குள் உறங்கி, தேனீயாகி வெளியே வரும்போது, உடுத்திருந்த பட்டுச் சட்டையை அறைச் சுவரோடு ஒட்டியபடியே விட்டுவிட்டுப் போகிறது. அடுத்து வருகிற புழு அந்தச் சட்டைக்குள் இன்னொரு சட்டை நெய்கிறது. அதற்கடுத்தது அதற்குள் இன்னொன்று. வெள்ளையாக இருந்த அடை மஞ்சளாகி, தவிட்டு நிறமாகி, கடைசியில் கருப்பட்டி நிறத்துக்கு வந்து சேரும்போது அதில் மெழுகு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. அது முழுக்கச் சட்டை. ஒவ்வொரு சட்டைக்கும் அறை ஒரு மயிரிழை இடுங்குகிறது, அறை இடுங்க இடுங்க அதில் பிறக்கிற தேனீயும் சிறுக்கிறது, சிறுத்தது தேனீக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் கூடப்பிறந்தவர்களும் அதே அளவுதான்.

இந்த உண்மை குருவிப்பொற்றையில் கிளாட்சனுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், அவன் சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான்.

குருவிப்பொற்றை, குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ரப்பர் மரங்கள் வேண்டாம் என்று விட்டுவைத்த மிச்ச இடத்தில் இருக்கிற ஊர். மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பின் முனையில் தேன் துளிர்க்கும் (தேன் பூவில் மட்டுந்தான் ஊறும் என்பது இன்னொரு பிழை, அதை வேறொரு சமயம் திருத்திக்கொள்ளலாம்). அப்போது ஊரே தேன்பெட்டிகளைத் தோட்டத்துக்குள் கொண்டு வைக்கும். கிளாட்சனின் அப்பா அந்தக் காலத்தில் பெரிய பெட்டிக்காரர். ஒரு வருஷம் தேனீக்களுக்குப் பை நோய் வந்து, புழுக்களெல்லாம் தோலுக்குள் தண்ணீராகிச் செத்து, ஊரில் ஒரு பெட்டி மிச்சமில்லாமல் ஓய்ந்தபோது, மற்றவர்கள் அடைகளை அறுத்துத் தீயிலிட்டு மனதை ஆற்றிக்கொண்டார்கள். அவர் மட்டும் பெட்டிக்குள் அடை தொங்கும் மரச்சட்டங்களை அடையோடு சாக்கில் கட்டி, புகையிலைக் காம்பு இட்டு, மச்சில் ஏற்றிவைத்தார். போன வருஷம் அவர் இறந்தார். இந்த மாசியில் கிளாட்சன் புதிதாகப் பிடித்த தேனீக் கூட்டங்களுக்கு அந்த மூட்டையை இறக்கினான். கறுத்து, எடையற்று, தட்டினால் சருகுபோல் ஓசை தரும் அந்த அடைகளை வாழைநாரால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டி, பெட்டிக்கு நாலாகப் பகிர்ந்தான். நாட்டுத் தேனீக்குக் கறுத்த அடை பிடிக்காது. அது கடித்துக் கடித்துத் தூளைக் கீழே தள்ளியது. கிளாட்சன் தூளைப் பெருக்கி எடுத்து, "பாத்தியா, வீட்டைத் தூத்து வாருது. பழைய வீடு பிடிச்சுப்போச்சு" என்றான்.

அவன் மனைவி விஜிலா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். மறுநாள் காலையில் எழுந்து, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே வழக்கமாக நடக்கிற வழியில் நடந்தவள், இடுப்பில் பீரோவின் கைப்பிடி இடித்து நின்றாள். நேற்று அது இடிக்கவில்லை. வயிறுதான் பெருத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் தாசம்மையும் அதையே சொன்னாள்: "வயிறு வந்தா வீடு சின்னதாத்தான் தெரியும் மக்ளே. எனக்கு இவன் வயித்தில கெடந்தப்போ அடுக்களையில திரும்ப மாட்டேன். பொறத்தால நடந்துதான் வெளிய வருவேன்."

ஆனால் பீரோ கர்ப்பமாக இல்லை. அதன் கதவு கொஞ்ச நாளில் முழுக்கத் திறக்காமல் கட்டில் சட்டத்தில் முட்டியது. பிறகு கட்டிலே இரண்டு சுவருக்கும் நடுவே இறுகி, எழுந்து உட்கார்ந்தால் முனக ஆரம்பித்தது. நீலகண்டன் ஆசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் கட்டிலின் நீளத்தை அளந்தார், அறையை அளந்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"கட்டிலு நான் செய்ததாக்கும். அதில மாற்றமில்ல. செவருதான் வந்திருக்கு."

"எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டாள் விஜிலா.

"உள்ளயிருந்துதான். செவரு பின்ன பஸ்சிலயா வரும்?"

அவர் கட்டிலின் தலைமாட்டைக் கழற்றி நாலு விரல் அறுத்துவிட்டு, கூலியும் சாயாவும் வாங்கிக்கொண்டு, "இனியும் வந்தா சொல்லுங்க, இன்னும் அறுக்கலாம், மரம் நல்ல மரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு சுருங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இது சொற்குற்றம். வீடு வெளியே ஒரு விரல்கூட மாறவில்லை; ஓடு அதே ஓடு, முற்றத்துப் பலாவுக்கும் வெளிச்சுவருக்கும் உள்ள இடைவெளி அதே இடைவெளி. வீடு உள்ளே தடித்தது. ஒவ்வொரு நாளும் விடிகிற நேரத்தில், உறங்கி எழுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்றாக, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு சட்டையைச் சுவர் உடுத்திக்கொண்டது. அப்போது சருகின்மேல் பூனை நடப்பதுபோல ஒரு சத்தம் வரும், அதை விஜிலா மட்டும் கேட்பாள், கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்காமல் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கிடப்பாள்.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், மழை தவறிய வருஷத்தை ஏற்றுக்கொள்வதுபோல, முதலில் சிரித்து, பிறகு காரணம் சொல்லி, பிறகு பழகி ஏற்றுக்கொண்டது. சாயாக்கடையில், "கிளாட்சன் வீட்டு அளவை எடுத்தப்போ கடவுள் டேப்பை மறுபக்கம் பிடிச்சிட்டாரு" என்றார்கள். சபையின் போதகர், குருவிப்பொற்றையில் எல்லாரும் ஐயர் என்று அழைப்பவர், வந்து பார்த்து, தலையைக் குனிந்து உள்ளே போய், தலையைக் குனிந்து வெளியே வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு இடுக்கமான வாசலை எடுத்துக்கொண்டார். அன்றைக்குக் கிளாட்சனும் தாசம்மையும் முன்வரிசையில் சற்றே பெருமையாக உட்கார்ந்திருந்தார்கள். சபைக் கமிட்டி கூடி, வீட்டின் நீளம் அகலம் வேதத்துக்கு விரோதமான காரியமல்ல என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

அதற்குள் வீட்டிலிருந்தவர்களும் வீட்டுக்கு இசைந்துவந்தார்கள். கிளாட்சனின் வேட்டி தரையில் புரண்டது, மடித்துக் கட்டிக்கொண்டான். தாசம்மைக்கு வருஷக்கணக்காக இருந்த முட்டுவலி போய்விட்டது. சுமக்க வேண்டிய உடம்பு குறைந்தால் முட்டு ஏன் வலிக்கப் போகிறது? அரிசி குறைத்துப் போட்டால் போதுமென்றானது. உலை வைக்கிற பானை பெரிதாகத் தெரிந்தது. "இது ஒரு ஐஸ்வரியமாக்கும்" என்றாள் தாசம்மை, சட்டியில் பாதி மீனை மாலைக்கு எடுத்துவைத்துக்கொண்டே. விஜிலா தன் கல்யாண மோதிரத்தைப் பார்த்தாள். ஆறு மாதக் கர்ப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் விரல் வீங்கி மோதிரம் இறுகும். அவளுக்கு அது கழன்று சாம்பாருக்குள் விழுந்தது.

பக்கத்து வீட்டு ரத்னபாய் ஒருநாள் மத்தியானம் வந்தாள். குவைத்தில் இருக்கிற மகன் அவளுக்கு ஏழு அறையுள்ள மாடி வீடு கட்டிக்கொடுத்து, ஒவ்வொரு அறைக்கும் மின்விசிறியும் மாட்டி, அவளை அதில் தனியே விட்டிருந்தான். எந்த அறையும் அநாதையாகத் தோன்றக்கூடாது என்று அவள் முறைவைத்து ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு அறையில் படுப்பாள்.

"கிளாட்சா, உனக்க அப்பனுக்க கறுத்த அடையில எனக்கு ஒரு துண்டு தா."

"அதில தேன் இல்லையே மாமி."

"தேன் எனக்கெதுக்கு, சர்க்கரை வியாதிக்காரிக்கு? ஹாலில கொண்டு தொங்கவிடணும். இந்த வீடு எனக்குப் பெருசுடே. அடுக்களையில நின்னு இருமினா மாடியில கேட்டுட்டு, யாரோ இருமுதாங்கன்னு நானே பயப்படுதேன்."

கிளாட்சன் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தான். அவள் ஒரு வாரத்தில் திரும்பி வந்து, ஹால் கொஞ்சம் அடக்கமாகிவிட்டது, அறைக்கு ஒரு துண்டு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது அவள் சேலை முந்தானை தரையைத் தொட்டது. முகம் மட்டும் பல வருஷத்துக்குப் பிறகு நன்றாக உறங்கியவள் முகமாக இருந்தது.

பயந்தவள் விஜிலா ஒருத்திதான். பயப்படுவதற்கு ஊரில் வேறு யாரும் துணையில்லாததால், ஊர் முழுக்கப் பயப்பட வேண்டிய பயத்தை அவள் ஒருத்தியே பயந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றை அளந்துவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "மாசத்துக்குத் தக்க வளர்ச்சி இல்லையே. முட்டை தின்னுங்க, கூவரகு குடிங்க" என்றாள். விஜிலா முட்டை தின்றாள், கூவரகு என்கிற கேழ்வரகுக் கஞ்சி குடித்தாள், உடம்பில் ஏறியதெல்லாம் எங்கே போகிறது என்று தெரிந்திருந்தும் குடித்தாள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பை எடுத்துக்கொண்டு இரணியல் பக்கம் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மா இல்லாத வீடு; அண்ணி நல்லவள்தான்; இனி பேறுகாலம் வரைக்கும் இங்கேயே என்று படுத்து நிம்மதியாக உறங்கினாள். விடிகிற நேரத்தில் சருகின்மேல் பூனை நடந்தது. காலையில் அண்ணி சிரித்துக்கொண்டே, "ஏன் விஜி, இந்த அறைக் கதவு என்னவோ இன்னைக்குச் செவத்தில தட்டுது" என்றாள். விஜிலா அன்று மத்தியான பஸ்சிலேயே திரும்பிவிட்டாள்.

அதன்பிறகு ஒருநாள் கிளாட்சன் தோட்டத்துக்குப் போயிருந்தான், தாசம்மை சாப்பிட்டுவிட்டு அயர்ந்திருந்தாள். விஜிலா, மச்சில் மீதியிருந்த ஒரு கறுத்த அடையைத் தண்ணீர் நிறைந்த பானையிலிட்டு அடுப்பில் வைத்தாள். மெழுகு உருகி மேலே வந்துவிட்டால் இது வெறும் மெழுகுதான், தான் நினைப்பதெல்லாம் வயிற்றுக்காரியின் பிராந்துதான் என்று தன்னைத் தேற்றிக்கொள்ள அவளுக்கு ஓர் ஆசை. தண்ணீர் கொதித்தது. மேலே கோழிச்சாற்று எண்ணெய் அளவுக்கு மெழுகு மிதந்தது. அடியில் அடை அடையாகவே, அறை அறையாகவே நின்றது, மெழுகு போன பிறகும் உருவம் மாறாமல். கரண்டியால் எடுத்து ஆறவிட்டு, ஓர் அறையை நகத்தால் கீறினாள். உள்ளே ஒரு சட்டை. அதை உரித்தாள், உள்ளே ஒரு சட்டை. வாழைப்பூ உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனாள். கடைசிச் சட்டைக்குள் அவளுடைய சுண்டுவிரல் நகத்தின் நுனி நுழையவில்லை. அதற்குள்ளும் ஒரு தேனீ பிறந்து போயிருக்கிறது.

அவள் கிளாட்சனின் தேன்பெட்டிச் சுரண்டியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கட்டிலின் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு ஓரத்தில் சுரண்டியைக் கொடுத்து நெம்பினாள். முதலில் வந்தது அவளுடைய சட்டை. கோழிமுட்டையின் உள்தோல்போல, சாயா நிறத்தில், வயிறு புடைத்த இடம் புடைத்தபடியே. அடுத்தது கிளாட்சன், ஒருக்களித்து, வலது கையைக் கன்னத்துக்கு அணைகொடுத்து. அவள், அவன், அவள், அவன். ஆழத்தில் தாசம்மை, இளையவளாக. அதற்கும் உள்ளே மாமனார். அவரை அவள் சுண்டுவிரலைக் கொண்டு அடையாளம் கண்டாள், சின்ன வயதில் முறிந்து கோணலாகச் சேர்ந்த விரல். அதற்குள்ளும் யார் யாரோ இருந்தார்கள், அவளுக்குப் பெயர் தெரியாதவர்கள், இந்த வீட்டுக்கு முன்பு இருந்த வீட்டிலிருந்தவர்கள்.

இறந்தவர்களைப் பார்த்து அவள் பயப்படவில்லை. இறந்தவர்கள் சட்டையை விட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் பயந்தது சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான். கட்டிலின் மறுபக்கம், தொட்டில் கட்டுவதற்காக உத்தரத்தில் கொக்கி அடித்திருந்த இடத்துக்கு நேர்கீழே, சுவரில், அன்றைய விடியலில் உடுத்திய மிகப் புதிய சட்டையாக, ஒன்று ஒட்டியிருந்தது. தலை, இரண்டு கை, மடக்கிய கால். அவளுடைய நடுவிரல் நீளம். உள்ளே யாரும் இன்னும் இருந்ததில்லை. மற்ற சட்டைகளில் முதுகுப்பக்கம் கிழிந்திருக்கும், வெளியே வந்த அடையாளமாக. இதில் கிழிசல் இல்லை. அளவு எடுத்துத் தைத்துவைத்து, ஆள் வரட்டும் என்று காத்திருந்தது.

மாலையில் கிளாட்சன் வந்ததும் அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினாள்.

"இதை எல்லாம் சொரண்டிக் களயணும். பெட்டியில இருக்க கறுத்த சட்டத்தை எல்லாம் எடுத்துத் தீயில போடணும். இன்னைக்கே."

கிளாட்சன் சின்னச் சட்டையைப் பார்க்கவில்லை. அவன் அப்பாவின் சட்டையின் முன்னால் நின்று, கோணல் விரலைத் தன் விரலால் தொட்டுப்பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பன் இருக்காருடீ இதில."

"அப்பன் கல்லறையில இருக்காரு. இது அவரு விட்ட தோலு."

"சவத்த, வாயை வச்சுட்டுச் சும்மா இரி. ஊருக்காரன் எல்லாம் அடையைச் சுட்டான், எங்கப்பன் சுடல்ல. அந்த அடைதான் இப்ப நமக்குச் சோறு."

"நமக்குச் சோறு குறைஞ்சா போதும்னு ஆயாச்சு, அதுதான் நீங்க சந்தோஷப்படுதிய. கேட்டியளா, பிள்ளைக்கு அளவு எடுத்துப்போட்டுது. இந்தா இவ்வளவு." நடுவிரலை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

தாசம்மை வாசலில் வந்து நின்றாள். "மக்ளே, பச்சப்பிள்ளைக்கு முதல்ல பழசுதான் உடுத்தணும். தீர்க்காயுசா இருந்தவங்க உடுத்த வேட்டியைக் கிழிச்சுத்தான் போர்த்தணும், புதுசு பட்டா ஆகாது. நான் இவனுக்க அப்பனுக்க வேட்டியை அலக்கிப் பெட்டியில வச்சிருக்கேன். வீடு நம்மளைவிட முந்திக்கிட்டுது. இதில பயப்பட என்ன இருக்கு?"

இது பிழை, ஆனால் அன்புள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. பழைய துணியைக் குழந்தைக்கு உடுத்துவது அது தொட்டுத் தொட்டு மிருதுவாகிவிட்டது என்பதற்காக. துணி பழசாகும்போது நைந்து இளகும். அடை பழசாகும்போது தடித்து இறுகும். இரண்டுக்கும் தமிழில் பழசு என்ற ஒரே சொல்தான் இருக்கிறது என்பது தாசம்மையின் குற்றமில்லை.

அந்த வாரத்தில் தோட்டத்துப் பெட்டி ஒன்றில் அந்து விழுந்தது. மெழுகந்து என்கிற சாம்பல் நிறப் பூச்சி, அடையில் முட்டையிட்டு, அதன் புழு அடையைத் துளைத்து நூலாம்படை கட்டித் தின்னும். நெல்லுக்காரனுக்கு எலி எப்படியோ அப்படித் தேன்பெட்டிக்காரனுக்கு அது. குருவிப்பொற்றையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அந்து விழுந்த சட்டத்தை ஒரு நிமிஷமும் வைத்திருக்கக் கூடாது, நேரே அடுப்புக்குள் போக வேண்டும். கிளாட்சன் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, விஜிலாவின் கையில் கொடுத்து, "அடுப்பில போடு, பிள்ளே. நான் மற்ற பெட்டியளைப் போய்ப் பாக்கட்டு" என்று ஓடினான்.

விஜிலா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள். சட்டத்தின் மேல்பாதியில் கிளாட்சன் வாழைநாரால் கட்டிய கறுத்த அடை இருந்தது. இருந்தது என்றால், நார் இருந்தது, நூலாம்படை இருந்தது, அடை இல்லை. கீழ்ப்பாதியில் தேனீக்கள் இந்த வருஷம் தாங்களே கட்டிச் சேர்த்த வெள்ளை அடை தொங்கியது. அதில் ஒரு துளையில்லை. கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று வெள்ளை அடையின் விளிம்புவரை வந்து, தலையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, திரும்பிப் போயிற்று.

அந்து தின்றது மெழுகை அல்ல. (பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல வேண்டும்.) அது சட்டையைத் தின்றது.

அடுப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. போட்டுவிட்டால் நல்ல மருமகள். போடாவிட்டால் இந்த ஊரில் பெட்டிக்காரன் பெண்டாட்டி இதுவரை செய்யாத துரோகம். அவள் எழுந்து, படுக்கையறைக்குப் போய், மண்டியிட முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து, அந்தச் சட்டத்தைக் கட்டிலுக்கடியில் சுவரோரமாகத் தள்ளிவைத்தாள்.

பிறகு நடந்தது சத்தமில்லாமல் நடந்தது. விடிகிற நேரத்துச் சருகுச் சத்தத்தின் கூடவே இன்னொரு சத்தம் சேர்ந்தது, ஈரமணலில் மழைத்தூறல் விழுவதுபோல. சுவரில் வெள்ளை நூல்கள் ஓடின. தாசம்மை ஒட்டடை என்று நினைத்து, துடைப்பத்தை எடுத்து எடுத்து ஓய்ந்தாள். விஜிலா தொட்டில் கொக்கியின் கீழே உட்கார்ந்து, மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புழு சின்னச் சட்டையின் பாதத்தில் ஏறி, முழங்காலைக் கடந்து, வயிற்றில் துளையிட்டு உள்ளே போவதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சட்டையை விட்டுப் பிள்ளையையே தின்கிறது என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. அதன்பிறகுதான் மூச்சுவிட்டாள்.

பீரோ முழுக்கத் திறந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடம் விழுந்து, விஜிலாவின் செருப்பு ஒன்று அதில் போய்க் கிடந்தது. அன்றே முற்றத்துப் பெட்டியிலிருந்த தேனீக்கள், பழைய அடையில் அந்து ஏறிய வாடை பட்டு, மொத்தமாக எழும்பி, ஒரு புகைபோலச் சுழன்று பலாமரத்துக் கொம்பில் போய்த் தொங்கின. தோட்டத்துப் பெட்டிகளும் ஒவ்வொன்றாக வெறும் பெட்டியாயின.

கிளாட்சன் வெறும் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தான். சுவரையெல்லாம் பார்த்தான். நூலாம்படையைப் பார்த்தான். குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான்."

"அடுப்பில போடச் சொன்னேன்லா."

"போடல்ல."

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள், அடிப்பான் என்று எதிர்பார்த்து வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு. அவன் அடிக்கவில்லை. அப்பாவின் சட்டை இருந்த இடத்துக்குப் போனான். மார்பு போய்விட்டது, முகம் போய்விட்டது. இடதுகை மட்டும் மிச்சமிருந்தது, கோணல் சுண்டுவிரலோடு, அதன் மணிக்கட்டில் ஒரு புழு இருந்தது. கிளாட்சன் அதை எடுத்து நசுக்கக் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. ஒரு காலத்தில் இரண்டும் அதே அளவு கை. அவன் அப்பா நெடுநெடுவென்ற ஆள். வாசலில் குனிந்துதான் வருவார். அவர் கையும் தன் கையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, அப்பாவின் உள்ளங்கைக்குள் தன் கை ஒரு சின்னப் பையனுடையதுபோல அடங்குவதை அவன் பார்த்தான்.

அவன் நீட்டிய கையை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டு, முற்றத்துக்குப் போய், பலாமரத்துக் கொம்பின் கீழே குத்தவைத்து உட்கார்ந்தான். மேலே தேனீக்கள் ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கி, கையகலம் வெள்ளை அடை ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தன. மாலையில், "எவ்வளவு வெள்ளையா இருக்கு, பாரு" என்றான், யாருக்கோ சொல்வதுபோல.

ஊரில் பேச்சு எழுந்தது. பெட்டிக்காரன் வீட்டுக்குள் அந்தைக் கொண்டு வளர்த்த பெண் என்று விஜிலாவைப் பார்த்துப் பெண்கள் வழி விலகிப்போனார்கள். சாயாக்கடையில் ஒருவர், இது எலிக்கு மணியடித்துச் சோறு போட்ட கதை என்றார். சபைக் கமிட்டி மறுபடி கூடியது. அந்துப்பூச்சியும் வேதத்துக்கு விரோதமான காரியமல்ல, ஆனால் அநாவசியம் என்று தீர்மானித்தது. நீலகண்டன் ஆசாரி மட்டும் வந்து, அறுத்த கட்டில் நடு அறையில் தீவுபோல நிற்பதைப் பார்த்து வருத்தப்பட்டார். "மரத்தை அறுக்கத்தான் எனக்கு அறியும். ஒட்டவச்சா நிக்காது" என்றார். ஒரு காரியத்தில் வீட்டைவிட மனிதர்கள் மோசம்: வீடு திரும்ப அகன்றது, சிறுத்தவர்கள் திரும்ப வளரவில்லை. வளர்ந்து முடிந்த தேனீயைப் பெரிய அறையில் விட்டாலும் அது பெரிதாகாது. விஜிலா ஒரு சாண் குறைந்தபடியே இருந்தாள், வயிறு மட்டும் அவளை மீறி முன்னால் போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் நாடாவை இரண்டுதரம் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னதான் தின்னீங்க?" என்றாள்.

ரத்னபாயிடமும் விஜிலா போனாள். கதவு ஒரு முழங்கால் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை; சிமெண்டுச் சுவர் உள்ளே அவ்வளவு தடித்திருந்தது. ஏழு அறையில் முறைவைத்துப் படுத்தவளாதலால், ஏழு அறையும் அவளுடைய சட்டையையே உடுத்தியிருந்தன. விஜிலா ஒரு தீப்பெட்டிக்குள் நாலு புழுவைப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"மாமி, இதை உள்ளே விடுங்க. இன்னும் நேரமிருக்கு."

"வேண்டாம் பிள்ளே," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது, அடுக்களையில் சிட்டுக்குருவி பேசுவதுபோல. "இப்போ கையை நீட்டினா எல்லாச் செவரும் தொடுது. ராத்திரி யாரோ பக்கத்தில இருக்கமாதிரி இருக்கு. கொண்டுபோ. பிள்ளை பிறந்தா கொண்டுவந்து காட்டு."

பிள்ளை ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்து, ஆடியில் பிறந்தது. ஆண் குழந்தை, தராசில் வைத்தபோது முள் திடமாகப் போய் நின்ற குழந்தை. டாக்டர் தாயைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தராசை மறுபடி பார்த்தார். தாசம்மை மடித்துவைத்திருந்த கணவரின் வேட்டியைப் பெருமையோடு பையிலிருந்து எடுத்து உதறினாள். அதன் வழியே எதிர்ச்சுவரின் காலண்டர் தெரிந்தது. அந்து அதையும் விடவில்லை. துணிப்பூச்சி வேறு, மெழுகந்து வேறு என்று சாஸ்திரம் சொல்லும். சாஸ்திரத்தை அந்தப் பூச்சிகள் படித்திருக்கவில்லை. தாசம்மை துளைகளை எண்ணுவதுபோலக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிளாட்சன் கீழே கடைக்குப் போய், விலைச்சீட்டு ஒட்டிய புதுத் துவாலை ஒன்றை வாங்கி வந்தான். பிள்ளையை அதில்தான் பொதிந்தார்கள்.

தையல் காய்ந்து நடக்க முடிந்ததும், சொன்ன சொல்லுக்காக, விஜிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரத்னபாய் வீட்டுக்குப் போனாள். கிளாட்சனும் கூடப் போனான். மாடி வீடு வெளியே அதே மாடி வீடு, பெயிண்டுகூட மங்கவில்லை. வாசல் ஒரு கடிதம் போடுகிற அளவுக்குத் திறந்திருந்தது. விஜிலா படியில் உட்கார்ந்து குழந்தையை அந்த இடைவெளிக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மாடி," என்றது உள்ளேயிருந்த சத்தம், "எம்புட்டுப் பெருசு."

இடைவெளி வழியாக ரத்னபாய் கையை நீட்டினாள். பிறந்த குழந்தைகள் விரலைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இந்தக் குழந்தையும் பிடித்துக்கொண்டது. அதன் முஷ்டிக்குள் அவளுடைய கை முழுவதும், வளையலோடு, மணிக்கட்டுவரை அடங்கியது. விரல்களைப் பிரித்தெடுக்க விஜிலாவும் கிளாட்சனும் சேர்ந்து முயல வேண்டியிருந்தது.